பதின்மூன்று கோல்களும் இரண்டு புள்ளிகளும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்டும் தொடங்கிய இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் இரண்டாம் பிரிவில், 1946 அக்டோபர் 5 அன்று நியூகாசில் யுனைடெட் அணி நியூபோர்ட் கவுண்டியை 13-0 என வீழ்த்தியது. அன்று அறிமுகமான லென் ஷாக்கில்டன் மட்டும் ஆறு கோல் அடித்தார். ஆனால், எத்தனை கோல் அடித்தாலும் ஒரு வெற்றிக்கு இரண்டே புள்ளிகள். 42 ஆட்டங்களின் முடிவில் நியூகாசிலுக்கு ஐந்தாம் இடமே கிட்டியது. முதல் இரு அணிகளே மேல்பிரிவுக்குச் சென்றன. கடைசி இடம் பெற்ற நியூபோர்ட்டும் மறு ஆட்டத்தில் நியூகாசிலை வென்றது. அடுத்த பருவத்தில்தான் நியூகாசில் உயர்ந்தது.

தருமபுரி மாவட்டத்துச் சிறுவர்களை ஒரே நாள் தேர்வில் எடைபோடுவதைக் காணும்போது இதை நினைக்கிறேன். ஒரு மழையில் ஏரி நிரம்பாது. பருவம் முழுதும் ஆடும் வாய்ப்பே அவர்களுக்கு நியாயமான அளவுகோல்.