வேலைக்கு முன் விசாவைப் பாருங்கள்: ஆஸ்திரேலியா கிளம்பும் தாதிக் குடும்பங்களுக்கு

482, 189, 190, 491. ஆஸ்திரேலியாவில் வேலை என்று விளம்பரம் பார்க்கும் தாதியர் பலரும் முதலில் சம்பளத்தைத்தான் படிக்கிறார்கள். இந்த எண்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தனியாளாகப் போகிற இளம்பெண்ணுக்கு அதனால் பெரிய நட்டம் ஒன்றும் வந்துவிடாது. கைக்குழந்தையும், தோட்டத்தில் லோரி ஓட்டும் கணவனும், லயத்து வீட்டில் வயதான அம்மா அப்பாவும் உள்ளவருக்கு வாழ்க்கைக் கணக்கு முழுக்க அந்த எண்ணில்தான் இருக்கிறது.

482 என்பது முதலாளியின் ஆதரவில் கிடைக்கும் தற்காலிக வேலை விசா. 189-ம் 190-ம் நிரந்தரக் குடியிருப்பு. 491 ஐந்தாண்டு விசா. பெருநகரங்களை விட்டு வட்டாரப் பகுதியில் வாழ வேண்டும், மூன்றாண்டுக்குப் பின் நிரந்தரத்துக்கு மனுச் செய்யலாம். நான்கிலும் கணவனையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம், கணவன் வேலை செய்யவும் தடையில்லை. தரையிறங்கிய பிறகுதான் வேறுபாடு தெரியும்.

நிரந்தர விசாவில் போனால் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பு உண்டு. 482-இல் கிடையாது. மலேசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பரஸ்பர மருத்துவ ஒப்பந்தமும் இல்லை. ஆகவே குடும்பம் முழுவதற்கும் தனியார் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். அந்தக் காப்புறுதிகளில் பிரசவச் செலவுக்கு வழக்கமாக 12 மாதக் காத்திருப்பு இருக்கும். இரண்டாவது பிள்ளைக்கு எண்ணமுள்ள தம்பதியர் இந்த ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கு அரசு தரும் உதவித்தொகையும் 482 விசாக்காரர்களுக்கு இல்லை. அங்கே நாளொன்றுக்கு 100 டாலரைத் தாண்டும் கட்டணம் சாதாரணம். ஷிப்ட் வேலை செய்கிற அம்மாவின் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதுதான்.

இதற்காக 482 வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஈராண்டு வேலை செய்தால் அதே முதலாளி 186 என்ற நிரந்தர விசாவுக்குப் பரிந்துரைக்கலாம். நல்ல மருத்துவமனைகள் விமானச் செலவையும் ஏற்கும். ஆனால் அந்த ஈராண்டுக்குக் குழந்தையை யார் பார்ப்பது என்பதற்கு இங்கேயே பதில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கணவன் வீட்டில் இருப்பதா, ஷிப்டை மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளிப்பதா, முதலில் தாதி மட்டும் போய்விட்டுப் பிறகு குடும்பத்தை அழைப்பதா என்று வீட்டில் பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. முகவர் இதைச் சொல்லமாட்டார். அவருக்கு வேலை நிரப்பினால் கமிஷன்.

விசாவுக்கு முன்னால் இன்னொரு கதவு இருக்கிறது: அங்கே தாதியாகப் பதிவு பெறுவது. கோலா பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனை ஆனாலும் சிரம்பானின் தனியார் மருத்துவமனைகள் ஆனாலும், அங்கே வேலை செய்யும் தாதியரில் பெரும்பாலோர் மூன்றாண்டு டிப்ளோமா முடித்தவர்கள். எஸ்பிஎம் முடித்த தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு அந்த டிப்ளோமா ஒரு பெரிய ஏணி. பாட்டி பால் மரம் வெட்டிய காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் கொடுத்த மருந்துதான் மருந்து. பேத்தி வெள்ளைச் சீருடை போட்டதை ஊரே பேசியது. ஆனால் ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற தாதி என்றால் பட்டதாரி. 1990-களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே தாதியர் படிப்பு முழுக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் டிப்ளோமா 4-ஆம் நிலை, இளங்கலை 6-ஆம் நிலை. இந்த இரண்டு படியை ஏறாமல் பெரும்பாலோருக்குப் பதிவு கிடைப்பதில்லை. டிப்ளோமாவோடு போனால் அங்கே ‘என்ரோல்ட் நர்ஸ்’ என்ற இரண்டாம் நிலைப் பதிவுக்குத்தான் முயலலாம். சம்பளமும் பொறுப்பும் அதற்கேற்பக் குறையும்.

ஆகவே பலருக்கு முதல் வேலை பட்டப்படிப்பு. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்க மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டுமுன் ஒன்று செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவின் பதிவு அமைப்பான ஆப்ராவின் இணையத்தளத்தில் ‘செல்ஃப் செக்’ என்று ஒரு சுயசோதனை உண்டு. தன் படிப்பு எந்தப் பிரிவில் விழும் என்பதை அது சொல்லிவிடும். படித்து முடித்தபின் பார்ப்பதைவிட முன்பே பார்ப்பது உத்தமம்.

பட்டம் இருந்தாலும் தேர்வு இருக்கிறது. 2020 முதல் வெளிநாட்டுத் தாதியருக்கு இரண்டு கட்டச் சோதனை. முதல் கட்டம் என்கிளெக்ஸ். அமெரிக்கத் தாதியர் எழுதும் அதே கணினித் தேர்வு, 85 முதல் 150 கேள்வி வரை, ஐந்து மணி நேரம். இரண்டாவது கட்டம் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. அதற்கு அடிலெய்டு நகரத்துக்கே போக வேண்டும். கட்டணம் மட்டும் 4,000 ஆஸ்திரேலிய டாலர், ஏறக்குறைய 11,000 ரிங்கிட். மலேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதை நினைத்தால், தோட்டத்தில் வேலை செய்கிற கணவனின் ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல் இந்த ஒரு தேர்வுக்கே போய்விடும். விமானச் செலவும் தங்கும் செலவும் தனி.

2025-இல் ஒரு குறுக்குப் பாதை திறந்தது. சில நாடுகளில் பதிவுபெற்ற தாதியாக 2017-க்குப் பின் 1,800 மணி நேரம் வேலை செய்தவர்கள், மற்ற தகுதிகளும் பொருந்தினால், இந்த இரண்டு தேர்வும் இல்லாமலே பதிவுக்கு மனுச் செய்யலாம். அந்தப் பட்டியலில் பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா ஆகியவற்றோடு சிங்கப்பூரும் இருக்கிறது. மலேசியா இல்லை. நெகிரி செம்பிலானிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன தாதியருக்கு இது பெரிய வாய்ப்பு. முழுநேர வேலை என்றால் 1,800 மணி என்பது ஓராண்டுக்குள் வந்துவிடுகிற கணக்கு. இங்கேயே இருந்துவிட்டவர்களுக்குச் சுற்றுப் பாதைதான்.

ஆங்கிலத் தேர்வும் சற்றுத் தளர்ந்திருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுவதில் 2025 முதல் 6.5 போதும். மருத்துவத் துறைக்கென்றே உள்ள ஓஇடி தேர்வையும் எழுதலாம். நோயாளி குறிப்பு எழுதிப் பழகிய தாதியர் பலருக்கு அது கைக்கு வாகாக இருக்கும்.

இளம் அம்மாக்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பதிவுக்கு மனுச் செய்பவர் கடந்த ஐந்தாண்டில் குறைந்தது 450 மணி நேரமாவது தாதியாக வேலை செய்திருக்க வேண்டும். பிள்ளை பெற்றுக்கொண்டு வேலையை விட்டுவிட்டு, ‘எப்படியும் ஆஸ்திரேலியா போகத்தானே போகிறோம்’ என்று வீட்டிலிருந்து தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளக்கூடும். மலேசியத் தாதியர் வாரியத்தின் ஆண்டுச் சான்றிதழையும் விடாமல் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பெயர். சின்ன விஷயம்தான், ஆனால் எத்தனை கோப்பு இதில் நின்றுபோகிறது! மலேசியக் கடப்பிதழில் பெயர் ஒரே கட்டத்தில் வரும். மகள் பெயர், நடுவில் ஏ/பி, பிறகு அப்பா பெயர். ஆஸ்திரேலியப் படிவம் குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று பிரித்துக் கேட்கும். ஆப்ராவில் ஒரு மாதிரி, தேர்வு நிறுவனத்தில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி எழுதினால் மூன்று ஆள் ஆகிவிடும். தோட்டத்துக் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் கிராணி காதில் விழுந்த எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறொன்று, டிப்ளோமாவில் மூன்றாவது. எந்த மனுவும் போடுமுன் எல்லாப் பத்திரத்தையும் மேசையில் பரப்பி ஒத்துப் பார்க்க வேண்டும். வேறுபாடு இருந்தால் சத்தியப் பிரமாணக் கடிதம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் கடப்பிதழில் உள்ளபடியே எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

கணவனின் ஆங்கிலத்தை வீட்டில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. தமிழ்ப்பள்ளியிலும் பிறகு மலாய் இடைநிலைப்பள்ளியிலும் படித்தவர், பேசினால் புரியும் என்று விட்டுவிடுவார்கள். நிரந்தர விசாவில் சேரும் 18 வயதுக்கு மேற்பட்டவர் அடிப்படை ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்கவில்லை என்றால், ஐயாயிரம் டாலரை நெருங்கும் கூடுதல் கட்டணம் கட்டச் சொல்வார்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் சராசரி 4.5 எடுத்தாலே அந்தக் கட்டணம் இல்லை. இன்னும் கொஞ்சம் முயன்று ஒவ்வொரு பகுதியிலும் 6 எடுத்தால் மனைவியின் விசாத் தகுதிப் புள்ளிக் கணக்கில் 5 கூடும். குறைந்தபட்சப் புள்ளி 65. வயது 33 ஆகும்போது 5 புள்ளியும், 40 ஆகும்போது 10 புள்ளியும் குறைகிற இந்த விளையாட்டில் கணவனின் 5 புள்ளி பெரிய ஆறுதல். மாலையில் ஒரு மணி நேரம் அவரும் புத்தகத்தோடு உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்?

விசா கட்டணம் 2025 ஜூலை நிலவரப்படி 189, 190 இரண்டுக்கும் முதன்மை மனுதாரருக்குச் சுமார் 4,900 டாலர். துணைவருக்கு அதில் பாதி, பிள்ளைக்குக் கால்வாசி. நால்வர் குடும்பத்துக்குப் பத்தாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. இபிஎப் சேமிப்பில் கைவைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2024 மே மாதம் தொடங்கிய மூன்றாவது கணக்கான ‘ஃப்ளெக்சிபல்’ கணக்கிலிருந்து எப்போதும் எடுக்கலாம். ஆனால் நாட்டை விட்டுப் போகிறோம் என்று முழுப் பணத்தையும் எடுக்க வேண்டுமானால் குடியுரிமையையே துறந்திருக்க வேண்டும். நிரந்தரக் குடியிருப்பு மட்டும் அதற்குப் போதாது. படிப்புக்கு உபகாரச் சம்பளம் வாங்கியவர்கள் ஒப்பந்த ஆண்டுகள் முடிந்தனவா என்பதையும், பிடிபிடிஎன் கடன் எவ்வளவு நிற்கிறது என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையில் ஒரு வேடிக்கை. மனுதாரரே மருத்துவமனையில் வேலை செய்தாலும் சொந்த மருத்துவமனையின் அறிக்கை செல்லாது. ஆஸ்திரேலியக் குடிநுழைவுத் துறை பட்டியலிட்ட மருத்துவர்களிடம்தான் போக வேண்டும். 11 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. கர்ப்பிணிகள் அதைப் பிரசவத்துக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம்; அதுவரை விசா முடிவும் தள்ளிப்போகும். மனுப் போட்டபின் பிறக்கும் குழந்தையை உடனே தெரிவித்து அதே மனுவில் சேர்த்துவிடலாம். பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகத்தைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அரசு குழந்தை உதவித்தொகைகள் தடுப்பூசியோடு கட்டப்பட்டவை. ஆஸ்திரேலிய அட்டவணையில் 18 மாதத்தில் போடும் சின்னம்மை ஊசி மலேசிய அரசு அட்டவணையில் இல்லாததால், அதைப் போட்டுக்கொள்ளும்படி கேட்பார்கள்.

பள்ளி வயதும் குழப்பும். இங்கே வழக்கமாக 7 வயதில்தான் முதலாம் ஆண்டு. ஆஸ்திரேலியாவில் 5 வயதிலேயே பள்ளி தொடங்குகிறது. பாலர் பள்ளியில் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும் ஆறு வயதுப் பிள்ளை அங்கே போனதும் ஒன்றாம் வகுப்பில் உட்காரும், ஆங்கிலத்தில். கிளம்புவதற்கு ஓராண்டுக்கு முன்பே வீட்டில் ஆங்கிலக் கதைப்புத்தகம் படிக்கத் தொடங்கலாம். தமிழ் போய்விடுமே என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கில் வீட்டில் தமிழ் பேசுவோர் ஆஸ்திரேலியாவில் சுமார் 95,000 பேர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மேல்நிலைத் தேர்வுக்கே தமிழை எடுக்கலாம்.

எந்த ஊர் என்ற கேள்விக்குத் தாதியர் பலரும் சிட்னி, மெல்பர்ன் என்பார்கள். மெல்பர்ன் உள்ள விக்டோரியா மாநிலத்தில் 2015 சட்டப்படி பெரிய மருத்துவமனை வார்டில் பகலில் நான்கு நோயாளிக்கு ஒரு தாதி; இங்கே வார்டில் ஓடி அலுத்தவர்களுக்கு அது கேட்கவே இனிக்கும். ஆனால் சிறு பிள்ளையோடு போகிறவர்கள் பெர்த் பக்கமும் பார்க்கலாம். கோலாலம்பூரிலிருந்து ஐந்தரை மணி நேர விமானப் பயணம்தான். மலேசியாவுக்கும் பெர்த்துக்கும் கடிகாரத்தில் ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை. பேரப்பிள்ளை தூங்குமுன் தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசிவிடலாம்.

அந்தத் தாத்தா பாட்டி விஷயத்தைத்தான் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ‘போய் நிலைத்தபின் அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக்கொள்வோம்’ என்பது எளிதில் நடக்காது. பெற்றோர் நிரந்தர விசாவுக்கு, அவர்களுடைய பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டிலும் உள்ளதைவிட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். நால்வரில் ஒருத்தி போய், மூவர் கோலா பிலாவிலும் சிரம்பானிலும் இருந்தால் மனுவே ஏற்கப்படாது. தகுதி இருந்தாலும் சாதாரண வரிசையில் காத்திருப்பு முப்பது ஆண்டை ஒட்டி ஓடுகிறது. 2019-இல் வந்த 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசாவில் மூன்று அல்லது ஐந்தாண்டு தங்கலாம். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெற்றோர்தான். மனைவியின் அம்மா அப்பாவா, கணவனின் அம்மா அப்பாவா என்பதை அந்த வீட்டிலேயே பேசிக்கொள்ள வேண்டும். பிரசவத்துக்கு மட்டும் அம்மா வந்தால் போதும் என்றால் இவ்வளவு சிரமம் இல்லை. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர் கைப்பேசிச் செயலியிலேயே 20 டாலர் கட்டி மின்னியல் பயண அனுமதி வாங்கி, ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் வரை தங்கலாம். தோட்டத்து அம்மாக்கள் பலரிடம் கடப்பிதழ்கூட இருக்காது. அதை இந்த ஆண்டே எடுத்துவிடலாம்.