சமையலும் ஒரு கல்வி

பரீட்சையிற் சித்தியடைந்த மகன், தான் சமையற்கலை பயிலப் போவதாகச் சொன்னால், எத்தனை இல்லங்களில் அதனை மகிழ்ந்து கேட்பர்? "குசினி வேலைக்கா உன்னை இவ்வளவு காலம் படிப்பித்தோம்?" என்ற கேள்வியே முதலில் எழும். அதே இல்லத்தில், கலியாணப் பந்திக்குச் சமைத்தவரின் கைப்பக்குவத்தை ஒரு வருட காலம் புகழ்ந்து பேசுவதும் உண்டு.

இந்த முரண்பாடு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. பிரான்சு தேசத்திலும் சமையலாளர் ஒரு காலத்தில் வேலைக்காரராகவே எண்ணப்பட்டனர். 1846இற் பிறந்த ஒகுஸ்த் எஸ்கொபியே, தமது பதின்மூன்றாம் வயதில் நீஸ் நகரில் உறவினர் ஒருவரின் உணவகத்தில் வேலை பழகப் புகுந்தவர். புகையும் கூச்சலும் நிறைந்த சமையலறையை ஒழுங்குபடுத்தியவர்களுள் அவரே தலையாயவர். மீனுக்கு ஒருவர், குழம்பு வகைக்கு ஒருவர், இனிப்புப் பண்டத்திற்கு ஒருவர் எனத் தொழிலைப் பகுத்து, யாவரையும் ஒரு தலைமைச் சமையலாளரின் கீழ் அமைத்தார். இன்றும் பெரிய ஹொட்டேல்களின் சமையலறைகள் இம்முறையையே தழுவி நடக்கின்றன.

இலங்கையில் இத்துறைக்கென ஹொட்டேற் பாடசாலை 1964இல் நிறுவப்பட்டது. அதுவே இன்று இலங்கை சுற்றுலா மற்றும் ஹொட்டேல் முகாமைத்துவ நிறுவனமாக விளங்குகின்றது.

அங்ஙனமாயின், வீட்டிற் பழகாத எதனை அங்கே கற்பது? முதலாவது, கணக்கு. பத்துக் கிலோ மீனைக் கிலோ 1500 ரூபா வீதம் வாங்கியவர், தலையும் குடலும் முள்ளும் நீக்கியபின் ஆறு கிலோவே எஞ்சக் காண்பாராயின், சமையலுக்கு உதவும் ஒரு கிலோவின் உண்மை விலை 2500 ரூபா. இதனை அறியாது விலை குறிப்பவரின் கடை, சுவை எத்துணை சிறப்பினும், நெடுநாள் நில்லாது. அடுத்தது சுகாதாரம். சோற்றில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கொதியிலும் மடிவதில்லை. சோறு மணிக்கணக்கில் வெளியே கிடப்பின் அவை பெருகி நஞ்சைக் கக்கும். மீண்டும் சூடாக்கினும் அந்நஞ்சு அழியாது. ஆகவே சமைத்த உணவை ஐந்து பாகைக்கும் அறுபது பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் வைத்தலாகாது என்பது மாணவர் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று.

கற்றவர்க்கு ஹொட்டேல் ஒன்றே கதியன்று. நோயாளரின் பத்திய உணவு, விமானப் பயணிகளின் உணவு, வெதுப்பகம் எனப் பல வழிகள் உள. கப்பலிலும் இடமுண்டு; 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம், கப்பற் சமையலாளர் பயிற்சி பெற்ற பதினெட்டு வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது.

தொழிலின் கடுமையை மறைத்துப் பயனில்லை. ஊரார் பண்டிகை கொண்டாடும் நாளே சமையலாளருக்கு ஓயாத வேலைநாள். தொடக்கத்திற் சம்பளம் சொற்பம். நிற்கும் நேரமோ அதிகம். வீட்டுச் சமையலைப் பெண்ணுக்கென விட்ட சமூகம், சம்பளம் தரும் சமையலைப் பெரும்பாலும் ஆணுக்கென ஒதுக்கியதும் விந்தையே.

பாத்திரம் கழுவப் புகுந்து, பார்த்துப் பழகிச் சமையலாளரானவர் பலர். கையில் தொழில் இருந்தும் கடதாசி இல்லாமையால் அவர்கள் பின்தள்ளப்படுகின்றனர். அத்தகையோர், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின்கீழ், மதிப்பீட்டாளர் முன்னிலையில் தம் திறமையைக் காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். நான்காம் மட்டத்தை எட்டியவர்க்கு ஐந்தாம் மட்டமாகிய டிப்ளோமாப் படிப்பிற்கும் வழி திறந்துள்ளது.