புதைபொருளும் புதைந்த இடமும்: பட்டப்படிப்பாகத் தொல்லியல்

நான் பள்ளியில் படித்த காலத்தில் இத்துறைக்குப் 'புதைபொருள் ஆராய்ச்சி' என்றுதான் பெயர். இன்றைக்கும் நம்மவர் பலர் மனத்தில் அந்தப் பெயரே நிற்கிறது. கூடவே புதையல் என்ற நினைப்பும் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் வழக்குக்கு வந்த 'தொல்லியல்' என்ற சொல்லே பொருத்தமானது. காரணம், இப்படிப்பு கற்றுத் தருவது பொருளைத் தேடுவதை அல்ல; பொருள் கிடந்த இடத்தைப் படிப்பதை. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால், "நான் இதைத்தான் படிப்பேன்" என்று பிள்ளை வந்து நிற்கும்போது பெற்றோருக்கு உண்டாகும் கலக்கத்தில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி வேலையைப் பற்றியது. அதையும் ஒளிக்காமல் பின்னால் சொல்கிறேன்.

வடோதராவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என்னிடம் இதைக் கேட்க வருகிறார்கள் என்றால், கடைச் சுவரில் நான் மாட்டி வைத்திருக்கும் கல்வெட்டு மைப்படிகள்தாம் காரணம். "நயினாரே, பொண்ணு பன்னிரண்டாவதுல நல்ல மார்க் வாங்கியிருக்கா. எல்லாத்தையும் விட்டுட்டு மண்ணைத் தோண்டப் போறேங்கிறா. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் ஒரு நண்பர். எந்த வார்த்தையை எதிர்பார்த்து வந்தாரோ தெரியாது. நான் அவருக்குப் பொருந்தல் நெல்லின் கதையைச் சொன்னேன்.

பழனிக்கு அருகே பொருந்தல் என்ற ஊரில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010 ஆண்டுகளில் அகழாய்வு நடந்தது. அங்கே ஓர் ஈமக்குழியில் நான்கு கால் கொண்ட ஒரு சாடி. அதற்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல். அதே குழியில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த சுடுமண் தாங்கிகள். இப்போது கவனியுங்கள். எழுத்துக்கு நேரடியாக வயது சொல்லும் கருவி உலகில் இல்லை. கல்லுக்கும் கரிமக் கணக்கு செல்லாது. உயிர் இருந்த பொருளுக்குத்தான் செல்லும். செடியோ விலங்கோ இறந்த நாள் முதல் அதிலுள்ள கரிமம்-14 சிறிது சிறிதாகக் குறைகிறது. சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. மிச்சம் எவ்வளவு என்று பார்த்து வயதைக் கணக்கிடுகிறார்கள். பொருந்தல் நெல்லைச் சோதித்தபோது கி.மு. 490 என்ற காலம் வந்தது. நெல்லும் எழுத்தும் ஒரே குழியில், கலையாமல், ஒன்றாக வைக்கப்பட்டவை என்று காட்ட முடிந்ததால்தான் நெல்லின் வயதை எழுத்துக்கும் பொருத்திப் பார்க்க இயன்றது. (ஒரே ஒரு குழியை வைத்து இவ்வளவு முன்னே போகலாமா என்று தயங்கிய அறிஞர்களும் உண்டு. அந்தத் தயக்கமும் இத்துறையின் ஒழுக்கமே.) அதே தாங்கியை எவராவது முன்பே தோண்டி எடுத்துச் சந்தையில் விற்றிருந்தால்? எழுத்து இருக்கும், காலம் போயிருக்கும்.

வியாபாரிகளுக்கு இதைச் சொல்லி விளங்க வைப்பது எளிது. பேரேட்டில் ஒரு தொகை நிற்கிறது, நாள்குறிப்பேட்டைக் காணோம். அந்தத் தொகை யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது? கணக்குப்பிள்ளை கையை விரிக்க வேண்டியதுதான். இடம் தெரியாத பழம்பொருளும் அப்படியே.

நாங்கள் வாழும் இந்த ஊரிலேயே இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று அகோட்டா. இன்று நகரின் ஒரு பேட்டையான இது, அங்கோட்டகம் என்ற பழைய ஊர். 1951இல் இங்கே 68 சமண வெண்கலங்கள் கிடைத்தன. உமாகாந்த் பி. ஷா அவற்றை ஆராய்ந்து 1959இல் நூலாக்கினார். சயாஜி பாக் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். சுவேதாம்பர மரபைச் சேர்ந்தவை; எங்கள் தமிழ்ச் சமணர் திகம்பரர். ஆயினும் இடுப்பில் ஆடையோடு நிற்கும் ரிஷபநாதர் முன் நின்றால் மரபு வேற்றுமை மறந்து போகும். ஆனால் இவை முறையான அகழாய்வில் வெளிப்பட்டவை அல்ல, தற்செயலாகக் கிடைத்தவை. ஆகவே படிமங்களில் உள்ள எழுத்தையும் சிற்ப அமைதியையும் கொண்டே காலம் கணிக்க வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் பழைய வெண்கலம் எடைக்குத்தான் வரும். இவை தராசுத் தட்டுக்குப் போகாமல் தப்பியதே பெரிது என்பேன்.

இன்னொன்று தேவ்னிமோரி. ஷாம்லாஜி அருகே மேஷ்வோ ஆற்றின் கரையில் இருந்த பௌத்தத் தூபியும் விகாரையும். அணை கட்டப்போகிறார்கள், இடம் நீரில் மூழ்கும் என்ற நிலையில், 1960 முதல் 1963 வரை இவ்வூர் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் ஆர்.என். மேத்தா தலைமையில் அங்கே அகழ்ந்தார்கள். தூபிக்குள்ளிருந்து கல்வெட்டுப் பொறித்த கற்பேழை வந்தது. அதில் 127 என்ற ஆண்டு இருக்கிறது. எந்தச் சகாப்தத்தின் 127 என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. இன்று தூபி தண்ணீருக்கு அடியில். ஆனால் எந்தச் செங்கல் எந்த மட்டத்தில் இருந்தது, பேழை எந்த இடத்தில் இருந்தது என்பதெல்லாம் வரைபடமாகவும் குறிப்பாகவும் நம் கையில் இருக்கிறது. அணை இல்லாவிட்டாலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. அகழ்ந்த மண்ணை மறுபடி அடுக்க முடியாது. ஒரு குழியை ஒரு முறைதான் படிக்கலாம். மாணவனின் நோட்டுப் புத்தகத்துக்கு இத்துறையில் அவ்வளவு மதிப்பு ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா?

மேற்படித் துறை 1950இல் தொடங்கியது. தொடக்க காலத்தில் அதை வழிநடத்தியவர், புணேயில் எச்.டி. சங்காலியாவிடம் பயின்ற பி. சுப்பாராவ். இளங்கலையிலேயே தொல்லியலையும் பண்டைய வரலாற்றையும் முதன்மைப் பாடமாக எடுக்கக்கூடிய சில இடங்களில் இது ஒன்று. காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் சாந்திநிகேதன் விசுவபாரதியிலும் பண்டைய இந்திய வரலாறு, பண்பாடு, தொல்லியல் என்று சேர்த்துப் படிக்கலாம். புணே டெக்கான் கல்லூரியின் பெரும்பெயர் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும். சென்னைப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் மேற்படிப்பாகவே இதை நாட வேண்டும். வரலாற்றில் இளங்கலை முடித்துவிட்டுத் தொல்லியலுக்கு வருவதும் நல்ல வழிதான். பெரும்பாலோர் அப்படித்தான் வந்திருக்கிறார்கள்.

இளங்கலையில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? கற்காலம், சிந்து நாகரிகம், இரும்புக் காலம், கோயிற்கலை, நாணயம், கல்வெட்டு, பழம்பொருள் சட்டங்கள் என்று பாடங்கள் போகும். (பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம்! பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது.) ஆனால் உயிர்நாடி களப்பயிற்சி. குழியைச் சதுரமாகக் கயிறு கட்டிப் பிரிப்பது, கொத்துக்கரண்டியால் மண்ணை மெல்லச் சுரண்டுவது, மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறும் இடத்தில் நிறுத்துவது, சலிப்பது, ஓடுகளைக் கழுவி எண்ணிட்டுப் பையில் போடுவது, குழியின் பக்கச்சுவரை அளந்து வரைவது. பொன் கிடைக்கும் என்று போகிற பையன் மாதக்கணக்கில் பானை ஓடு எண்ணுவான். அதில் சலிப்படைபவனுக்கு இப்படிப்பு ஆகாது. அறிவியல் பிரிவில் படித்த பிள்ளைகளுக்கும் இங்கே நிறைய வேலை உண்டு: எலும்பு, மகரந்தம், உலோகக் கசடு, செயற்கைக்கோள் படம் எல்லாமே இப்போது தொல்லியலுக்குள் வந்துவிட்டன. கரிமக் கணிப்புக்கு அகமதாபாத்திலும் தில்லியிலும் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன.

இனி வேலை. வெறும் இளங்கலையோடு நின்றால் பயனில்லை. இதைப் பெற்றோர் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியத் தொல்லியல் அளவாய்வுத் துறையின் அலுவலர் பணிக்கு முதுகலை கேட்கிறார்கள். கிரேட்டர் நொய்டாவில் அத்துறை நடத்தும் தொல்லியல் கழகத்தின் இரண்டாண்டுப் பட்டயம் உதவித்தொகையோடு கிடைக்கும். ஆனால் இடங்கள் மிகக் குறைவு. தமிழ்நாடு தொல்லியல் துறையும் இரண்டாண்டுப் பட்டயம் நடத்துகிறது. நெட் தேர்வில் தொல்லியல் தனிப்பாடம்; அது கல்லூரி ஆசிரியப் பணிக்கு வழி. அருங்காட்சியகம், பழங்கட்டடப் பாதுகாப்பு ஆகியவையும் உண்டு. ஐந்தாறு ஆண்டுகள் படிக்க வைக்கவும், அதன்பின் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலையில் பிள்ளை அலைவதைப் பொறுக்கவும் வீட்டில் தெம்பு வேண்டும். அது இல்லாத குடும்பத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நண்பரிடமும் இதையே சொன்னேன்.

பிறகு ஏன் இதில் எனக்கு இவ்வளவு அக்கறை? மதுரைக்கு அருகே மாங்குளத்தில் சமண முனிவர்களுக்கு வெட்டிய கற்படுக்கைகள். 1882இல் ராபர்ட் சூவல் அங்குள்ள கல்வெட்டுகளைக் கண்டார். நெடுஞ்செழியன் பெயர் அதில் இருப்பதை 1965இல் வெளிப்படுத்தியவர் ஐராவதம் மகாதேவன். அரசனைவிட என் கண்ணில் படுவது, அங்கே கொடை கொடுத்திருக்கும் வெள்ளறை நிகமத்தார், அதாவது வணிகர் குழு. அழகர்மலைக் குகையில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் பெயர் பொறித்திருக்கிறார்கள். அவர்கள் பெயரைக் கல்வெட்டு சொல்லும். அவர்கள் வீடு எங்கே, கிடங்கு எங்கே, எந்தப் பாத்திரத்தில் உண்டார்கள் என்பதை அடிவாரத்து மண்தான் சொல்ல வேண்டும். அந்த மண்ணுக்கோ நாள் நெருங்குகிறது. கற்படுக்கையும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பமும் உள்ள அரிட்டாபட்டி, 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்ட பகுதிக்குள் வந்தது. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்ததால் 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. எல்லா மலைக்கும் இப்படி ஆள் சேரும் என்று சொல்ல முடியாது. மலை நிற்கும்போதே அளந்து, படமெடுத்து, எழுதி வைக்கத் தெரிந்தவர் வேண்டும்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு குறை, ஒரு நிறை. இந்தி, குஜராத்தி, ஆங்கிலம் சரளமாக வரும். எந்தக் களத்திலும் கூலியாட்களோடு பேசிப் பழகிவிடுவார்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவார்கள். 2020 அக்டோபரில் மேற்சொன்ன நொய்டாப் பட்டயத்துக்கான அறிவிப்பில் தகுதி மொழிகளாகச் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபு, பாரசீகம் இருந்தன, தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே தமிழையும் சேர்த்தார்கள். சேர்த்தது நல்லதே. அந்த வாசல் வழியே போக, பிள்ளைக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டுமே!

தமிழ் பிராமியும் வட்டெழுத்தும் பார்க்கத்தான் மிரட்டும். தினம் அரை மணி உட்கார்ந்தால் தமிழ் பிராமி ஒரு மாதத்தில் வசப்படும். பட்டப்படிப்பில் சேருமுன் பழக விரும்பும் பிள்ளைகளைப் பெற்றோர் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கூடத்துக்கு அனுப்பலாம். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். மைப்படிகளை நான் கொண்டு வருகிறேன்.