கார்னருக்குக் கணக்குப் போடும் எந்திர மூளை!

அந்த 5 பேருக்கும் கால்பந்துதான் சோறு போடும் தொழில்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற லிவர்பூல் கிளப்பில் வேலை செய்பவர்கள். 3 பேர் கணக்கு நிபுணர்கள். ஒருவர், ஆட்டப் படங்களைப் போட்டுப் பார்த்துத் துருவி ஆராய்பவர். இன்னொருவர், பயிற்சியாளரின் உதவியாளர்.

அவர்களுக்குச் சில ஆட்டக் காட்சிகளைக் காட்டினார்கள். சில, மைதானத்தில் உண்மையாக நடந்தவை. சில, எந்திரம் தானாகவே கற்பனை செய்தவை.

"எது உண்மை, எது எந்திரத்தின் வேலை?" என்று பிரித்துச் சொல்ல அவர்களால் முடியவில்லை!

அந்த எந்திர மூளையின் பெயர் "டாக்டிக் ஏ.ஐ.". லண்டனில் உள்ள கூகுள் டீப்மைண்ட் நிறுவனமும், லிவர்பூல் கிளப்பும் சேர்ந்து அதை உருவாக்கின. 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் அதன் விவரம் வெளியாயிற்று.

டீப்மைண்டின் தலைவர் டெமிஸ் ஹசாபிஸ், சிறு வயதிலேயே சதுரங்கப் புலி. 2024-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அவர் லிவர்பூல் அணியின் ரசிகரும்கூட! எந்திரம் எந்தக் கிளப்பைத் தேடிப் போயிற்று என்பதில் அதிசயம் இல்லை.

கார்னர் ஏன்?

தற்காப்பு அணியின் ஆள்மீது பட்டு, பந்து அவர்களுடைய கோல் கோட்டுக்கு வெளியே போய்விட்டால், எதிர் அணிக்குக் "கார்னர்" கிடைக்கும். மைதானத்தின் மூலையில் பந்தை வைத்து உதைப்பார்கள்.

ஓயாமல் ஓடும் ஆட்டம் அப்போது சற்று நிற்கிறது. யார் எங்கே நிற்பது என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. கணக்குப் போட இதைவிட வசதி ஏது?

ஓர் ஆட்டத்தில் சுமார் 10 கார்னர் வரும். 100 கார்னர் அடித்தால், கோல் ஆவது மூன்றோ நான்கோதான். அதை ஐந்தாக்க முடியுமா என்பதே பயிற்சியாளர்களின் கவலை.

7 ஆயிரத்து 176!

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் போட்டிகளில் 2020 முதல் 2023 வரை அடித்த 7 ஆயிரத்து 176 கார்னர்களை எந்திரத்துக்குப் பாடமாக வைத்தார்கள்.

மைதானத்தில் 22 பேர். ஒவ்வொருவரும் நின்ற இடம், ஓடிய திசை, வேகம், உயரம், எடை எல்லாம் எந்திரத்துக்குப் போயிற்று.

வாசலில் கோலம் போடும் பெண்கள் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறார்கள் அல்லவா? எந்திரமும் அப்படித்தான் செய்கிறது. ஆள் ஒரு புள்ளி. ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள தொடர்பு ஒரு கோடு.

7 ஆயிரம் பாடம் மனிதனுக்கு அதிகம். எந்திரத்துக்கோ அது கொசுறு! அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள்.

கண்ணாடியில் பார்த்தால் இடது கை வலது கை ஆகிவிடும். அதைப்போல, இடது மூலையில் அடித்த கார்னரைத் திருப்பிப் போட்டால் வலது மூலைக் கார்னர். மேலும் கீழும் புரட்டினால், ஒரு கார்னர் நான்காகத் தெரியும். "எப்படிப் புரட்டினாலும் ஆட்டம் ஒன்றுதான்" என்று எந்திரத்துக்குச் சொல்லி வைத்தார்கள்.

என்ன சொல்கிறது?

பந்து முதலில் யாரிடம் போகும் என்று கேட்டால், எந்திரம் 3 பேரைக் காட்டுகிறது. 100-க்கு 78 தடவை, பந்து அந்த மூவரில் ஒருவரிடமே போகிறது.

"இவர் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். அவர் இன்னும் வேகமாக ஓடட்டும்" என்று யோசனையும் சொல்கிறது. பழைய ஏற்பாட்டையும் எந்திரத்தின் யோசனையையும் பார்த்த லிவர்பூல் நிபுணர்கள், 10-க்கு 9 தடவை எந்திரத்தின் பக்கமே கை காட்டினார்கள்.

இன்னொரு வேலையும் செய்கிறது. முன்பு நடந்த கார்னர்களில், இதைப்போன்றது எது என்று தேடி எடுத்துத் தருகிறது. விடிய விடியப் படம் போட்டுப் பார்க்கும் உதவியாளருக்கு இதுதான் பெரிய லாபம். தூங்கவாவது செய்யலாம்!

ஆனால், இதெல்லாம் மேசைமேல் நடந்த சோதனை. நிபுணர் தலையாட்டினால், அது கோல் ஆகிவிடாது.

பாடத்தில் இல்லாதது

எந்திரத்துக்குக் கொடுத்த விவரத்தில் இடம் இருந்தது, வேகம் இருந்தது. "இவர் அசந்து நிற்கிறார்" என்ற விவரம் மட்டும் இல்லை. லிவர்பூலின் மிகப் புகழ்பெற்ற கார்னர், அந்த அசதியில் பிறந்தது.

2019-ம் ஆண்டு மே 7-ந் தேதி. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரை இறுதி. மெஸ்சி ஆடிய பார்சிலோனா அணி, முதல் ஆட்டத்தில் 3-0 என்று லிவர்பூலைத் தோற்கடித்திருந்தது. இரண்டாவது ஆட்டம் லிவர்பூலின் சொந்த மைதானத்தில். லிவர்பூல் விடாமல் போராடி 3 கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது.

79-வது நிமிடம், கார்னர். பந்தை உடனுக்குடன் எடுத்துப் போடும்படி, மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் சிறுவர்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு சிறுவன் அப்படியே போட்டான்.

20 வயது அலெக்சாண்டர் அர்னால்டு பந்தை மூலையில் வைத்தார். வேறொருவர் அடிக்கட்டும் என்பதுபோல் விலகி நடந்தார். சட்டென்று திரும்பினார். உதைத்தார்!

பார்சிலோனா ஆட்டக்காரர்கள் பலர் பந்தையே பார்க்கவில்லை. கோல் அருகே தனியாக நின்ற ஒரிகி, ஒரே அடி அடித்தார். அவர்கள் திரும்பிப் பார்த்தபோது பந்து வலைக்குள் கிடந்தது.

4-0. இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-3. லிவர்பூல் இறுதி ஆட்டத்துக்குப் போயிற்று. ஜூன் 1-ந் தேதி, மாட்ரிட் நகரில் கோப்பையையும் தட்டிக்கொண்டு வந்தது.