கடவுச்சொல்லை அரைத்து வைக்கும் கணக்கு

இணையத்தளத்தில் நாம் தரும் கடவுச்சொல்லை அந்தத் தளம் அப்படியே எழுதி வைக்கக் கூடாது. அரிசியை மாவாக அரைப்பதுபோல, ‘ஹேஷ்’ என்ற கணக்கின் வழி அதை உருத்தெரியாத எழுத்துகளாக்கி, அவற்றை மட்டுமே சேமிக்க வேண்டும். மாவு மீண்டும் அரிசியாகாது. அடுத்த முறை நாம் உள்ளே நுழையும்போது, புதிதாக அரைத்ததும் பழையதும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்க்கப்படும்.

ஏராளமான தளங்களை இயக்கும் பிஎச்பி நிரல்மொழியில், பலர் இதற்கு எம்டி5 முறையைப் பயன்படுத்தினர். அது மிக வேகமானது. அந்த வேகமே கேடானது. தரவைத் திருடியவர், ஊகச் சொற்களை விநாடிக்குக் கோடிக்கணக்கில் அரைத்து ஒப்பிட்டுவிடலாம்.

2013-இல் வந்த பிஎச்பி 5.5 பதிப்பு, ‘பிகிரிப்ட்’ முறையை ஒரே கட்டளையில் பயன்படுத்த வழி செய்தது. இது வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும். ‘உப்பு’ எனப்படும் தற்செயல் எழுத்துகளையும் சேர்ப்பதால், இருவரின் கடவுச்சொல் ஒன்றாக இருந்தாலும் சேமிப்பில் வெவ்வேறாகவே இருக்கும். 2017-இல் வந்த 7.2 பதிப்பு, கணினி நினைவகத்தையும் அதிகம் கேட்கும் ஆர்கான்2 முறையைச் சேர்த்தது. 2024-இல் 8.4 பதிப்பு, பிகிரிப்ட்டின் இயல்பு அளவை 10-லிருந்து 12-க்கு உயர்த்தியது. ஒவ்வொரு படியும் வேலையை இரட்டிப்பாக்கும். ஆக, திருடனுக்கு 4 மடங்கு உழைப்பு.

மொழி வலுவானால் போதாது. தளமும் மாற வேண்டும். கடவுச்சொல் மறந்துவிட்டது என்றதும் பழைய சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பும் தளம், அதை அரைக்கவே இல்லை. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை அங்கே ஒருபோதும் கொடுக்காதீர்கள்.