தத்துவ ஆசிரியருக்கு மணிக்கணக்கில் கூலி

பகுதிநேர ஆசிரியரை வைப்பதில் சில துறைகளில் நியாயம் உண்டு. பகலில் நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர் மாலையில் சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்தால் மாணவருக்கு லாபம். அவர் பிழைப்புக்குத் தொழில் இருக்கிறது. தத்துவத்தில் பிஎச்.டி. முடித்தவருக்கு அப்படி வெளியே ஒரு தொழில் இல்லை. பல்கலைக்கழகத்தை விட்டால் அந்தப் படிப்புக்கு வேறு போக்கிடம் அரிது. அவரைக் கௌரவ விரிவுரையாளராக ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது, முழுநேர உழைப்பைக் குறைந்த விலைக்கு வாங்குவதுதான். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய், படிகள் தனி. இருவருக்கும் கேட்கும் கல்வித் தகுதியோ ஒன்றுதான்.

பணத்தை விடப் பெரிய இழப்பு வகுப்பறையில் நடக்கிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே தீ இருக்கிறது என்பது இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனத்தின் பழைய உதாரணம். அதைப் படித்த மாணவர் தேர்வில், தீ இருக்கிறது, ஆகவே புகையும் இருக்கும் என்று திருப்பி எழுதுகிறார். சிவப்பு மையால் ஒரு கோடு போட்டால் அவருக்கு எதுவும் விளங்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தீ உண்டு, புகை இல்லையே என்று கேட்டு, அவரே தன் தவறைக் கண்டுபிடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். தத்துவம் கற்பிப்பது பெரும்பாலும் இந்த அரை மணி நேரம்தான். மணிக்கணக்குக் கூலியில் அதற்கு ஒரு பைசா கிடையாது. அடுத்த கல்லூரிக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர் எப்படி உட்காருவார்?

தத்துவத்துக்கு மாணவர் சேர்வதில்லை, நிரந்தரப் பணியிடம் எதற்கு என்பார்கள். தர்க்கமும் அறவியலும் சட்டம், மருத்துவம், கணினி படிப்பவர்களுக்கும் தேவை. பல துறைகளுக்கும் சேர்த்து ஒருவரை நியமித்தால் வேலை நிறையவே இருக்கும். நிதி இல்லை என்பது கனமான பதில்தான். ஆனால் நிரந்தரத் தேவைக்குத் தற்காலிக ஆள் என்பது சிக்கனம் ஆகாது. ஓய்வுபெற்ற பேராசிரியர் விரும்பி ஒரு தாள் நடத்தினால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது மானியக் குழுவின் 2018 விதி. 2025 ஜனவரியில் வந்த புதிய விதிகளின் வரைவில் அந்த வரம்பைக் காணவில்லை. அந்த வரம்பு வேண்டும். பணியிடங்களை நிரப்பும்வரை, விடைத்தாள் திருத்தவும் மாணவரைச் சந்திக்கவும் ஆகும் நேரத்துக்கும் பல்கலைக்கழகங்கள் ஊதியம் தரட்டும்.