பூனை காட்டும் பிரியம்

நாயை நன்றிக்கு உவமையாகச் சொல்லிப் பழகிய நாம், பூனையைப் பற்றி மட்டும், அது வீட்டை விரும்புமே அன்றி வீட்டாரை விரும்பாது என்று தயக்கமின்றித் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இது அந்தப் பிராணிக்கு நாம் இழைக்கும் அநீதி என்பதே என் அபிப்பிராயம். பிரியம் அதனிடம் நிறைய உண்டு. ஆரவாரமின்றி உடம்பாலேயே அது வெளியிடும் அந்தப் பிரியத்தைக் கண்டுகொள்ளும் பழக்கந்தான் நம்மிடம் குறைவு.

நாயின் முன்னோர்களான ஓநாய்கள் கூட்டமாகக் கூடி வாழ்ந்தவை. பூனையின் மூதாதையோ, ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் தன்னந்தனியே வேட்டையாடித் திரிந்த காட்டுப்பூனை. மனிதன் பயிர்செய்து தானியம் சேர்த்துவைக்கத் தொடங்கிய காலத்தில், அங்கே பெருகிய எலிகளைத் தேடி வந்து அவனை அண்டியது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது என்றால், அந்தச் சிநேகம் எவ்வளவு பழமையானது என்பது விளங்கும். தனித்து வாழ்ந்த ஜாதியாதலால், குட்டிப் பருவத்தில் தாயிடம் காட்டிய சைகைகளையே பெரும்பாலும் பூனை வளர்ந்த பின்பும் விடாமல் வைத்துக்கொண்டு, அவற்றை நம்மிடமும் காட்டுகிறது.

வாலைக் கவனியுங்கள். தாயைக் கண்ட குட்டி வாலைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டுதான் ஓடிவரும். வெளியே சென்று திரும்பிய வீட்டாரை எதிர்கொள்ளும் பூனையின் வாலும் அவ்வாறே நிமிர்ந்து, நுனி மட்டும் சற்றே வளைந்திருக்கும். பூனையின் நிழலுருவங்களைக் காகிதத்தில் வெட்டிச் சுவரில் ஒட்டி ஆராய்ந்தபோது, வால் நிமிர்ந்த உருவத்தைக் கண்ட பூனைகள் தம் வாலையும் நிமிர்த்திக்கொண்டு அதனிடம் சென்றன. சீறும் பூனை பதுங்கி உடலைத் தாழ்த்துவதும், பிரியங்கொண்ட பூனை முதுகை வளைத்து வாலை உயர்த்துவதும் ஒன்றுக்கொன்று நேர் எதிரிடையானவை என்பதை, உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றி 1872-இல் எழுதிய நூலில் டார்வின் படங்களோடு விளக்கியிருக்கிறார்.

அருகில் வந்த பூனை அடுத்தபடியாக நெற்றிப்பொட்டையும் கன்னத்தையும் மோவாயையும் நம் காலில் உரசி, பின்னர் விலாவையும் வாலையும் தடவிச் செல்கிறது. அவ்விடங்களில் உள்ள சுரப்பிகளின் வாசனை நம் மூக்குக்கு எட்டுவதில்லை. ஒன்றாக வாழும் பூனைகள் தம்முள் இப்படி உரசிக்கொண்டு ஒரே வாசனையைப் பகிர்ந்துகொள்வதால், அந்த உறவுக்குள் நம்மையும் சேர்த்துக்கொள்ளும் செயல் இது என்று சொல்வதில் தவறில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சங்கேதம் கண்ணில் இருக்கிறது. நிம்மதியாகப் படுத்திருக்கும் பூனை நம்மைப் பார்த்து, இமைகளைப் பாதியளவு தாழ்த்தி, ஒருகணம் அப்படியே நிறுத்தி, மெல்ல மூடித் திறக்கும். உற்றுப் பார்ப்பது பூனைகளிடையே மிரட்டலாகையால், எதிரே ஒருவர் இருக்கையில் கண்ணை மூடுவது நம்பிக்கையின் அடையாளம். வளர்ப்பவர்கள் இவ்விதம் மெதுவாக இமைத்தபோது பூனைகளும் பதிலுக்கு இமைத்தன என்றும், முன்பின் அறியாத ஒருவர் இமைத்துவிட்டுக் கையை நீட்டியபோது அவரை அணுகுவதில் அதிக இசைவு காட்டின என்றும் இங்கிலாந்தின் ஸஸெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2020-இல் வெளியிட்டார்கள்.

மடியில் ஏறி முன்னங்கால்களால் மாவு பிசைவதைப்போல மாறி மாறி அழுத்துவது, பால் சுரக்கத் தாயின் மடியை அழுத்திய குட்டிப் பழக்கத்தின் தொடர்ச்சி. கர்ர் என்ற தொண்டை ஓசையை மட்டும் தனியாக நம்பிவிடக் கூடாது. நோயிலும் வலியிலுங்கூடப் பூனை அவ்வாறு ஒலிப்பதுண்டு. வாலை வேகமாக இருபுறமும் அடித்தால், நாயைப் போல மகிழ்கிறது என்று எண்ணாமல், எரிச்சலுற்றிருப்பதாகக் கொண்டு கையை எடுத்துவிட வேண்டும். மல்லாந்து வயிற்றைக் காட்டுவதும் நம்பிக்கையேயாயினும், வயிற்றைத் தடவ அழைப்பு அன்று. பெரும்பாலான பூனைகள் உடனே நகத்தை நீட்டிவிடும். ஆகையால் முதலில் ஒரு விரலை அதன் மூக்குக்கு நேராக நீட்டி, அது முகர்ந்து தானே கன்னத்தை உரசும்வரை பொறுத்திருந்து, பிறகு கன்னத்தையும் மோவாயின் அடியையும் மட்டும் வருடிக் கொடுப்பதே உசிதம்.